பாட்டிலை எடுத்துக்கலாமா, செர்வா?

1

இந்தக் கதை பிறந்தது ஒரு கையெழுத்தில். போட்டது நான்தான். எங்கள் பல்கலைக்கழகத்தில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க ஒரு கமிட்டி உண்டு. அதில் என்னைச் சேர்த்தபோது ஒரு தாளை நீட்டினார்கள். விசாரணையில் கேட்டதை யாரிடமும் பேசமாட்டேன், பத்திரிகைக்குச் சொல்லமாட்டேன், வீட்டில்கூட வாய் திறக்கமாட்டேன் என்றெல்லாம் அதில் இருந்தது. நிதானமாகப் படித்துவிட்டுத்தான் போட்டேன். கதை எழுதமாட்டேன் என்று அதில் எங்குமே இல்லை. அதைக் கவனித்த அன்றைக்கே எனக்குக் கை பரபரக்க ஆரம்பித்துவிட்டது.

ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது முழுக்க முழுக்கக் கற்பனை. கமிட்டி கற்பனை, பேராசிரியர் கற்பனை, பல்கலைக்கழகம் கற்பனை. கானா நாட்டின் குமாசி நகரம் மட்டும் நிஜம், அதை நான் கண்டுபிடிக்கவில்லை. மண்ணியல் பாடம் நடத்தும் டாக்டர் அராபா என்கிற நான்கூடக் கற்பனைதான் என்று எழுதச் சொல்கிறார் என் வக்கீல். சரி, எழுதியாயிற்று. வாருங்கள், போகலாம்.

2

எங்கிருந்து தொடங்குவது?

"மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், செர்வா நடுங்கும் விரல்களால் பேராசிரியரின் அறைக்கதவைத்—"

வேண்டாம். மழையில் தொடங்கினால் நீங்கள் கைக்குட்டையை எடுத்துவிடுவீர்கள். அப்புறம் கடைசிவரை அதைக் கீழே வைக்கமாட்டீர்கள்.

"உயர்கல்வி நிறுவனங்களில் மாணவியரும் பெண் ஊழியர்களும் அளிக்கும் புகார்கள் கையாளப்படும் விதம் குறித்து நோக்குங்கால்—"

இது கட்டுரை. இப்படி எழுதினால் எனக்குப் பதவி உயர்வு கிடைக்கும், ஒருத்தரும் படிக்கமாட்டார்கள்.

"ஒரு சனிக்கிழமை காலை, வெள்ளைத் துணி போர்த்திய மூன்று பெரிய மனிதர்கள், ஆளுக்கொரு புன்னகையும் மொத்தத்தில் இரண்டு பாட்டில் ஷ்னாப்ஸ் சாராயமுமாக, ஒரு வீட்டின் முன்னால் வந்து இறங்கி—"

ஆ! இதுதான். எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் இதை இங்கே வைத்தால் அவர்கள் யார், எதற்கு வந்தார்கள் என்று உங்களுக்குப் புரியாது. இதை ஆறாம் பகுதிக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன். அதுவரை பொறுமையாக இருங்கள். நானும் இருக்கப் பார்க்கிறேன்.

3

பேராசிரியர் அம்பொன்செம்மை உருவாக்க ரொம்பப் பாடுபட்டேன். முதல் வரைவில் அவருக்கு முரட்டுக் குரலும் சிவந்த கண்ணும் கொடுத்தேன். நம்பும்படி இல்லை. அந்த மாதிரி ஆளைக் கண்டால் மாணவிகள் தூரத்திலேயே சுதாரித்துக்கொள்வார்கள். இரண்டாம் வரைவில் குரலைக் குழைத்து, சர்ச் பாட்டுக் குழுவுக்குத் தலைவராக்கி, எல்லோருடைய பிறந்தநாளையும் நினைவு வைத்துக்கொள்ளும் பழக்கத்தையும் கொடுத்தேன். உடனே எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டார். எனக்கே அவரைப் பிடித்துப்போயிற்று. அதுதான் பயமாக இருந்தது.

அவர் செய்ததைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். செர்வா அவரிடம் முதுகலை ஆய்வு செய்கிறாள். ஆய்வேடு ஏற்கப்பட அவர் கையெழுத்து வேண்டும். ஒரு நாள் அறைக்கதவைச் சாத்திவிட்டு அவள் இடுப்பில் கை வைத்தார். "வெள்ளிக்கிழமை வீட்டுல யாரும் இல்ல. வா, நிதானமா உக்காந்து கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்றார். அவள் கையைத் தட்டிவிட்டு வெளியே வந்தாள். அதன் பிறகு அவளுடைய மூன்றாம் அத்தியாயம் அவர் மேஜையில் தொலைந்துபோனது. மறுபடி கொடுத்தாள், மறுபடி தொலைந்தது. சின்ன மேஜைதான்.

இந்தப் பகுதியை வெவ்வேறு பல்கலைக்கழகங்களில் இருக்கும் நான்கு தோழிகளுக்குப் போனில் படித்துக் காட்டினேன். நான்கு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"அடிப்பாவி, எங்க ஆளு உனக்கு எப்படிடீ தெரியும்?"

நான் அவரை ஒரு நாற்காலியைப் பார்த்துக் கற்பனை செய்தேன்.*

* நிஜமாகவே நாற்காலிதான். என் அறையில் இருக்கிறது. பார்க்க நல்ல நாற்காலி. யாராவது உட்கார்ந்தால் கொஞ்சம் அதிகமாகவே முன்னால் சாயும்.

4

கமிட்டியில் ஐந்து பேர். தலைவர் டீன் பொன்சு. சர்ச் தரப்பில் ரெவரெண்ட் லார்பி. அப்புறம் நான். இன்னும் இரண்டு பேர் உண்டு. அவர்கள் இந்தக் கதைக்குத் தேவையில்லை, கமிட்டிக்கும் பெரிதாகத் தேவைப்படவில்லை.

எங்கள் நாட்டில் எந்தக் கூட்டமானாலும் 'பதின்மூன்றாம் அம்சம்' என்று ஒன்று உண்டு. தின்பண்டத்துக்கு அதுதான் பெயர். நிகழ்ச்சி நிரலில் மொத்தமே நான்கு விஷயம் இருந்தாலும் தின்பண்டம் பதின்மூன்றாவதுதான். எங்கள் கமிட்டி எதைத் தள்ளிப்போட்டாலும் அதை மட்டும் தள்ளிப்போட்டதில்லை. இறைச்சி அடைத்த மீட் பை, குளிர்ந்த மால்ட் பானம், சில நாள் வறுத்த கோழிகூட. ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் எங்களிடம் புகார் கொடுத்தபோது அவள் வயிற்றில் இருந்த பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. புகார் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. மீட் பை எவ்வளவு ஆகியிருக்கும் என்று யாராவது ஆராய்ச்சி செய்யலாம்.

செர்வா வந்தாள். இங்கே நீங்கள் ஒரு மெலிந்த, தலைகுனிந்த பெண்ணை எதிர்பார்க்கிறீர்கள். நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன், "அவள் விழியோரம் ஒரு துளி—" என்றுகூட ஆரம்பித்தேன். அவள் கேட்கவில்லை. செர்வாவுக்குப் பயம் வந்தால் சிரிப்பு வரும். அவள் உடம்பின் வாகு அப்படி. கதவு சாத்தப்பட்ட இடத்தைச் சொல்லும்போது சிரித்தாள், கை பட்ட இடத்தைச் சொல்லும்போது இன்னும் அதிகமாகச் சிரித்தாள். கண் மட்டும் சிரிக்கவில்லை, அதை மேஜையின் அந்தப் பக்கம் யாரும் பார்க்கவில்லை.

"அவ்ளோ கஷ்டமா இருந்துச்சுன்னா ஏம்மா சிரிக்கற?" என்று கேட்டார் ரெவரெண்ட் லார்பி.

"தெரியல சார். வந்துடுது."

டீன் பொன்சு பக்கத்தில் குறிப்பெடுப்பவரைப் பார்த்து, "எழுதிக்கோங்க. புகார் குடுத்தவங்க சிரிச்சாங்க" என்றார்.

"அப்போ நானும் சிரிக்கறேன் டீன். அதையும் எழுதச் சொல்லுங்க" என்றேன்.

"டாக்டர் அராபா, நீங்க கடற்கரை ஊர்க்காரங்க. உங்களுக்கு நல்ல சாப்பாடும் சிரிப்பும் இருந்தாப் போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். அது எழுதப்படவில்லை.

முடிவு இப்படி வந்தது: அறையில் இருந்தது இரண்டே பேர். சாட்சி இல்லை. இப்படி ஒன்று நடந்ததற்கு ஆதாரம் இல்லை. மாதக் கடைசிக்குள் புதிய ஆதாரம் வந்தால் கமிட்டி மறுபடி கூடும். வராவிட்டால் புகார் மூடப்படும், செர்வா அதே பேராசிரியரிடம் ஆய்வைத் தொடரவேண்டும். அதாவது அதே அறை, அதே கதவு. போகமாட்டேன் என்றால் பட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான். இந்தக் கதையில் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அந்தக் கதவுக்குள் அந்தப் பெண் மறுபடி போகக்கூடாது.

இவ்வளவு வலி உள்ள விஷயத்தை ஏன் இப்படித் துள்ளிக்கொண்டு எழுதுகிறாய் என்று நீங்கள் கேட்கலாம். அவள் சிரித்ததை அவளுக்கு எதிராக எழுதிவைத்தார்களே, அதற்குத்தான். என் கதையிலாவது சிரிப்பு அவள் கட்சியில் இருக்கட்டும்.

5

இந்தப் பகுதியை வக்கீல் எடுத்துவிட்டார். இதில் பேராசிரியர் அம்பொன்செம்மின் கார் எண் இருந்தது. கற்பனை ஆளுக்கு எதற்கு கார் எண் என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

6

இப்போது அந்தச் சனிக்கிழமை.

நான் அங்கே இல்லை. செர்வா சொன்னாள், அவள் தாய்மாமா சொன்னார், டீன் பொன்சுவும் தன் பங்குக்கு ஏதோ சொன்னார். மூன்றும் மூன்று தினுசு. எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கே எனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்கிறேன், கதைக்காரிக்கு அந்த உரிமை உண்டு.

நடந்தது என்னவென்றால், அம்பொன்செம்முக்கு உள்ளூரப் பயம் வந்துவிட்டது. மாதக் கடைசிவரை காத்திருப்பானேன், குடும்பத்தோடு பேசி முடித்துவிடலாம் என்று பாட்டுக் குழுப் பெரியவர்கள் இரண்டு பேரையும் டீன் பொன்சுவையும் செர்வாவின் வீட்டுக்கு அனுப்பினார். ஆமாம், கமிட்டியின் தலைவரையே. அந்த ரகசியத் தாளில் எனக்கு மேலே கையெழுத்துப் போட்டவர். இதை யாரும் நம்பமாட்டார்கள் என்று மூன்றாம் வரைவில் அவரை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போட்டுப் பார்த்தேன். கதை நொண்டியது.

செர்வா வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. தாயிடம்கூடச் சொல்லவில்லை. புகார் ரகசியமாக இருக்கும் என்று பல்கலைக்கழகம் வாக்குக் கொடுத்திருந்தது, பாவம், அதை அவள் நம்பியிருந்தாள்.

ஒருவன் தப்புச் செய்தால் அவன் சார்பில் பெரியவர்கள் பாட்டிலோடு போய் மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம். பாட்டிலை எடுத்துக்கொண்டால் மன்னித்தாயிற்று. அதற்குப் பிறகும் பேசுகிறவள்தான் குற்றவாளி. பெண் கேட்டு வருவதும் இதே மாதிரிதான்: பெரியவர்கள், பாட்டில், வளைத்து வளைத்துப் பேசும் பேச்சு. வாசலில் நிற்கும்போதே இரண்டையும் பிரித்துக் காட்டுவது துணிதான். மன்னிப்புக்கு வருகிறவர் கறுப்பு போர்த்தி, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வரவேண்டும். ஆனால் இந்த மூவருக்கும் அன்றைக்கே பல்கலைக்கழகப் பதிவாளரின் பேரனுக்குப் பெயர் வைக்கும் விசேஷம் இருந்தது. பெயர் வைப்பதற்கு வெள்ளை. ஒரே சனிக்கிழமையில் இரண்டு வேலை, நடுவில் எவன் துணி மாற்றுவது? வெள்ளையிலேயே வந்து இறங்கினார்கள். விசேஷ வீட்டுக்குப் போகும் உற்சாகம் வேறு முகத்தில்.

செர்வாவின் அம்மா பிராகோ சமையலறையிலிருந்து பார்த்தார். வெள்ளைத் துணி, பச்சைப் பெட்டியில் ஷ்னாப்ஸ், பல் தெரியும் சிரிப்பு. டக்கொராடியில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு பையன் மகளைக் கேட்டு ஆள் அனுப்பப் போவதாக அவர் காதில் ஏற்கெனவே விழுந்திருந்தது. கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார். வெளியே வந்தபோது மஞ்சள் துணியில் இருந்தார், பொட்டுப் பொட்டாகப் பவுடர்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். தாய்மாமா டார்க்வாவைக் கூட்டிவந்து நடுவில் உட்காரவைத்தார்கள். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். ஆனாலும் அந்த வீட்டில் அவர் சொன்னால்தான் சொன்ன மாதிரி. தண்ணீர் கொடுத்தாயிற்று. வந்த காரியம் என்ன என்று கேட்டாயிற்று.

டீன் பொன்சு தொண்டையைச் செருமினார். "எல்லாம் நல்ல விஷயம்தான். உங்க வீட்டுப் பொண்ணு விஷயமா எங்க ஆளு ஒருத்தர் மனசு ரொம்பத் தவிச்சுக் கெடக்கு. அதைப் பெரியவங்க பேசி சுமுகமா முடிச்சுக்கலாம்னு வந்தோம்."

பிராகோ கையைத் தட்டி ஒரு பாட்டே பாடிவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண்கள் பின்பாட்டு.

மாமா கேட்டார், "ஆளு என்ன பண்றாரு?"

"ப்ரொஃபசர்."

"மருந்துக்கடைன்னு சொன்னாங்களே!" என்றார் பிராகோ. பிறகு சட்டென்று, "ப்ரொஃபசரா! ப்ரொஃபசர்னா இன்னும் விசேஷம்தான்."

"வயசு?"

டீனுக்கு இந்தக் கேள்வி எதற்கு என்று புரியவில்லை. ஆனாலும் மரியாதைக்குப் பதில் சொன்னார். "அம்பத்தெட்டு."

பின்பாட்டு நின்றது.

"அம்பத்தெட்டா?" என்றார் மாமா. "மொதல் சம்சாரம் தவறிட்டாங்களா?"

"ஐயோ இல்ல, நல்லா இருக்காங்க."

"இந்த விஷயம் அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியவே வேணாம்னுதானே நாங்க காலங்காத்தால ஓடி வந்திருக்கோம்!"

(இந்த இடத்தில் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அறைக்குள் ஒரு சுற்று நடந்தேன். மன்னியுங்கள். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் ஆகிறது.)

பிராகோ தன் அண்ணன் காதில் சத்தமாகக் கிசுகிசுத்தார். "வயசு கெடக்குது விடுண்ணே. பொண்ண ஒரு வார்த்த கேட்டுருவோம்."

கேட்கத்தான் வேண்டும். பாட்டில் வந்தால், அதை எடுத்துக்கொள்ளலாமா என்று எல்லோர் முன்னாலும் பெண்ணை மூன்று தடவை கேட்கவேண்டும். அவள் மூன்று தடவையும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். அங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோரும் சாட்சி.

பின்கட்டில் தலை பின்னிக்கொண்டிருந்த செர்வாவை இழுத்து வந்தார்கள். தலையில் வலது பாதி அழகான பின்னல், இடது பாதி காட்டுப்புதர்.

"அம்மாடி செர்வா," என்றார் மாமா, "இந்தப் பெரியவங்க பாட்டில் கொண்டாந்திருக்காங்க. எடுத்துக்கலாமா?"

அவள் பாட்டிலைப் பார்த்தாள். வெள்ளைத் துணியைப் பார்த்தாள். துணிக்கு மேலே டீன் பொன்சுவின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது.

"வெக்கப்படுறா, வெக்கப்படுறா!" என்று ஆனந்தப்பட்டார்கள் பக்கத்து வீட்டார்.

"வேணாம் மாமா" என்றாள்.

"ஏண்டீ!" என்று அலறினார் பிராகோ. "ப்ரொஃபசருடீ!"

"ரெண்டாவது தடவ கேக்கறேன். எடுத்துக்கலாமா?"

"வேணாம் மாமா."

டீனுக்கு அப்போதுதான் விளங்கியது. கையை ஆட்டினார். "ஒரு நிமிஷம்! நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க. இது கல்யாணப் பேச்சில்ல."

"பின்ன?"

டீன் குனிந்து, கமிட்டியில் பேசும் அதே மெல்லிய குரலில் ஏதோ சொன்னார்.

"காது கேக்கல. சத்தமாச் சொல்லுங்க."

இன்னும் கொஞ்சம் உயர்த்திச் சொன்னார்.

"கேக்கலங்கறேனே! வீட்டுக்கு வந்தவங்க நெஞ்ச நிமுத்திச் சொல்லுங்க!"

"மன்னிப்புக் கேக்க வந்தோம்!" என்று கத்தினார் டீன் பொன்சு. "அம்பொன்செம் உங்க பொண்ணுகிட்ட நடந்துக்கிட்டதுக்கு மன்னிப்பு! அவ புகார வாபஸ் வாங்கணும்!"

எதிர்வீட்டில் அவித்த கிழங்கை ஃபுஃபுவுக்கு இடித்துக்கொண்டிருந்த உலக்கை பாதியில் நின்றது.

கேலியெல்லாம் இந்த இடத்தில் ஓடிப்போயிற்று. பிராகோவின் முகத்தில் இருந்த பவுடர் தனியாகத் தெரிந்தது. "என்னடீ பண்ணான் உன்ன?" என்று கேட்டார். பாதித் தலையோடு, எல்லோர் நடுவிலும், செர்வா சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னாள், கண்ணீர் ஒரு பக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மாவுக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். பிறந்ததிலிருந்து தெரியும். ஏன் சிரிக்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. மகளை இழுத்துத் தன் மஞ்சள் துணிக்குள் சுற்றிக்கொண்டார்.

பாட்டுக் குழுப் பெரியவர் ஒருவர் வாயைத் திறந்தார். "பெரியவங்க நேர்ல வந்து கேட்டா, இல்லன்னு சொல்றது வழக்கமில்லையே."

அது நிஜம். அதுதான் ஆபத்து. மாமா டார்க்வா பழைய ஆள், வழக்கம் என்றால் உயிரைக் கொடுப்பவர். அவர் பேசாமல் உட்கார்ந்திருந்த நேரம் செர்வாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எழுத நான்கு வாக்கியம் முயன்றேன். நான்கையும் அடித்துவிட்டேன்.

"வழக்கம்," என்றார் மாமா கடைசியில். "சரி. வழக்கப்படி இன்னும் ஒரு தடவ பாக்கி இருக்கு. செர்வா, இப்ப எதுக்கு வந்திருக்காங்கன்னு எனக்கும் தெரியும். மூணாவது தடவ கேக்கறேன். பாட்டில எடுத்துக்கலாமா?"

"வேணாம்!"

எதிர்வீட்டில் உலக்கை பிடித்தவளுக்குக்கூடக் கேட்டது.

"போய்ட்டு வாங்க," என்றார் மாமா மூவரையும் பார்த்து. "மன்னிப்புக் கேக்க வெள்ளத் துணி கட்டிட்டு வந்திருக்கீங்க. இந்த அழகுல எங்களுக்கு வழக்கம் சொல்லித் தர்றீங்க."

பெயர் வைக்கும் விசேஷத்துக்கு நேரமாகிவிட்டது போலிருக்கிறது. ஓடியே விட்டார்கள். பாட்டில்கள் அங்கேயே நின்றன.

7

நான்காம் வரைவில், இதே நேரத்தில் மருந்துக்கடைப் பையனின் ஆட்களும் பாட்டிலோடு வந்து சேருவதாக எழுதினேன். வீட்டுக்குள் பாட்டில் அதிகமாகிவிட்டது, எடுத்துவிட்டேன். அவர்கள் வேறு நாள் வந்துகொள்ளட்டும். வந்தாலும் அவளைக் கேட்டுவிட்டுத்தான்.

8

மாதம் முடிவதற்குள் செர்வா புதிய ஆதாரம் இருப்பதாகத் தெரிவித்தாள். கமிட்டி கூடியது. வெளியாட்களுக்கு அனுமதி இல்லை என்று மாமா டார்க்வாவை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள். கதவு மட்டும் சரியாகச் சாத்தவில்லை. சாத்தப் போனவள் நான்தான்.

செர்வா பையிலிருந்து பச்சைப் பெட்டிகள் இரண்டையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள். மீட் பை தட்டுக்குப் பக்கத்தில். தலைமை நாற்காலியில் டீன் பொன்சு இருந்தார். அவருடைய நெற்றியில் வியர்வை பூத்ததை நான் ரசித்தேன் என்று எழுதினால் நாகரிகமாக இருக்காது. ரசித்தேன்.

"இது என்னம்மா?" என்றார் ரெவரெண்ட் லார்பி.

"ஆதாரம் சார். தப்பே நடக்கலன்னு இந்தக் கமிட்டி சொல்லிச்சு. நடக்காத தப்புக்கு யாரு சார் பாட்டில் தூக்கிட்டு வருவாங்க?"

"நான் சும்மா குடும்பத்தைப் பாத்து நலம் விசாரிக்கப் போனேன்" என்றார் டீன்.

"ரெண்டு பாட்டிலோடயா டீன்?" என்றேன். "எனக்கு ரெண்டு தடவ மலேரியா வந்துச்சே, ஒரு தடவ ஒரு ஆரஞ்சுப் பழம் கொண்டாந்தீங்களா?"

"டாக்டர் அராபா, ஒழுங்கு! ஊர் வழக்கத்த எல்லாம் பல்கலைக்கழகம் ஆதாரமா எடுத்துக்க முடியாது."

"முடிச்சு வைக்க மட்டும் ஊர் வழக்கம் வேணும், இல்லையா?"

ரெவரெண்ட் லார்பி தன் கையிலிருந்த மீட் பையைக் கடிக்காமல் தட்டில் வைத்தார். என் அனுபவத்தில் அது முதல் தடவை. பெட்டிகளை உற்றுப் பார்த்தார். அவரும் எத்தனையோ வீடுகளுக்குப் பாட்டிலோடு போயிருக்கிறவர்தான். அதன் அர்த்தம் அவருக்குத் தெரியாமல் இல்லை.

டீன் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, இத ஒரு துணைக் கமிட்டிக்கு அனுப்பி—"

"இருங்க சார்." செர்வா எழுந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள், விரல்கள் நாற்காலி முதுகை இறுக்கிக்கொண்டிருந்தன. "எங்க மாமா என்னைக் கேட்ட மாதிரி நான் உங்களைக் கேக்கறேன். இந்த பாட்டில எடுத்துக்கலாமா?"

எடுத்துக்கொண்டால் மன்னிப்பு, மூடப்பட்ட புகார், அதே அறை. வேண்டாம் என்றால் தப்பு நடந்தது என்று கமிட்டியே ஒப்புக்கொண்ட மாதிரி. அதை மறுபடி மூடிவைக்க எந்தத் துணைக் கமிட்டியாலும் முடியாது.

தேவையில்லாத அந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

9

இங்கே நிறுத்திவிட்டு முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் அம்பொன்செம் வேலையை இழக்கிறார், செர்வாவுக்கு வேறு வழிகாட்டி கிடைக்கிறார், ஆய்வுக்கூடப் பெண்ணின் பழைய புகாரும் தூசி தட்டி எடுக்கப்படுகிறது. அக்ராவில் இருக்கும் தோழிக்குப் படித்தேன். "அறிவியல் புனைகதையும் எழுத ஆரம்பிச்சிட்டியா?" என்றாள்.

சரி என்று இன்னொன்றில் அவரைப் பதவி உயர்வோடு வேறு வளாகத்துக்கு மாற்றி, மாணவியர் நலப் பொறுப்பாளராக நியமித்தேன். எனக்கு இது பெரிய நகைச்சுவையாகப் பட்டது. அவள் சிரிக்கவில்லை. "எங்ககிட்ட இதான்டீ நடந்துச்சு" என்றாள்.

மூன்றாவதில் டீன் பொன்சு தானாகவே எழுந்து, தழுதழுத்த குரலில், "நான் செய்ததும் தவறுதான், செர்வா, என்னை—"

இல்லை. நல்ல பேனாதான், ஆனால் இதற்குமேல் நகரமாட்டேன் என்கிறது.

8 (தொடர்ச்சி)

"ரெண்டாவது தடவ கேக்கறேன்," என்றாள் செர்வா. "எடுத்துக்கலாமா?"

"வேண்டாம்" என்றேன்.

வாயில் மீட் பை இருந்தது. குரல் பாதிதான் வந்தது. கதை முழுக்க உங்களிடம் இவ்வளவு வாயடித்துவிட்டு, வேண்டிய இடத்தில் பாதிக் குரல்! வெட்கமாக இருந்தது. அவசரமாக விழுங்கிவிட்டு, எழுந்து நின்று, "வேண்டாம்!" என்றேன் மறுபடியும். ரெவரெண்ட் லார்பி என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் உதடு பிரிந்தது, என்ன சொல்லப் போகிறார் என்று இன்னும் தெரியவில்லை. டீன் பொன்சு குறிப்பெடுப்பவரிடம் எழுதவேண்டாம் என்று கை காட்டினார்.

செர்வா சிரிப்பதை நிறுத்தினாள். இந்தக் கதையில் அவள் சிரிக்காமல் நிற்பது இதுதான் முதல் தடவை. மேஜையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். என் முகத்தைத் தாண்டினாள். பிறகு இந்தப் பக்கத்தின் விளிம்புக்கு வந்து, நிமிர்ந்து, உங்களைப் பார்க்கிறாள்.

என்ன திடுக்கிடுகிறீர்கள்? அந்த வீட்டில் சனிக்கிழமை காலையிலிருந்து நீங்களும்தானே உட்கார்ந்திருந்தீர்கள்? டீன் கத்தியதைக் கேட்டீர்கள், சிரிக்கவும் சிரித்தீர்கள். உட்கார்ந்து பார்த்தவர்கள் எல்லோரும் சாட்சி என்று ஆறாம் பகுதியிலேயே சொல்லிவிட்டேன். சாட்சி இல்லை என்று சொல்லித்தானே இந்தப் புகாரை மூடப் பார்த்தார்கள்?

"மூணாவது தடவ கேக்கறேன்" என்கிறாள் செர்வா. "எடுத்துக்கலாமா?"

கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள். கதவைப் பாதி திறந்துதான் வைத்திருக்கிறேன், ஆனால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மாமாவுக்குக் காது மந்தம்.